போணி நேரத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர்

1

ஒரு மனிதனின் நிம்மதிக்கு விலை மூன்று வெள்ளி ஐம்பது காசு. 1963இல் சிங்கப்பூர் ஹை ஸ்ட்ரீட் பொம்மைக் கடையில், ஸ்பிட்ஃபயர் என்கிற சண்டை விமானம் அந்த விலைக்கு அட்டைப்பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. பசைக்குத் தனிக் காசு. வாங்கியவன் நானில்லை; அதனால்தான் கதை எழுதுகிறேன். வாங்கியிருந்தால் விமானம் செய்திருப்பேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சிராங்கூன் சாலையின் மேல் வானம்..." வானத்தை யாரும் விலை கேட்பதில்லை. அடித்துவிட்டேன்.

2

துரைசாமிக்குச் சிராங்கூன் சாலையில் சேலைக் கடை. பக்கத்துக் கடை எட்மண்ட், கடிகாரம் பழுதுபார்ப்பவன்; அந்த அட்டைப்பெட்டியை வாங்கியவன் அவன்தான். (துரைசாமி நானல்ல. அவருக்குத் தொப்பை.) எட்மண்ட் தன் சாமணத்தால் பொறுக்கிப் பொறுக்கி ஒட்டி, சாயம் பூசி, விமானத்தைத் தன் கடைக் கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டான். உளுந்தளவு விமானிக்கு மீசைகூட வரைந்தான். உலகச் சண்டை ஓய்ந்து பதினெட்டு வருடம் கழித்து, அது ஓர் ஆளை வீழ்த்தியது: துரைசாமியை.

அவர் மனைவி மங்களம் மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு வரும்போது அதன் கீழே அண்ணாந்து நிற்பாள். புதுக் காஞ்சிப் பட்டைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. சாம்பார் ஆறித்தான் வரும்.

"என்ன பாத்துட்டு வர்ற?"

"ப்ளேன்."

"அதுல அப்படி என்ன இருக்கு?"

"நம்ம கடையில இல்லாதது."

[இங்கே மங்களத்துக்கு ஒரு சோகம் எழுதினேன். ஜப்பான்காரன் காலம், குண்டு, செத்துப்போன அண்ணன்... ரொம்ப வசதியாக இருந்தது. அவள் சொல்லாததை நான் விற்கக் கூடாது.]

3

காலையில் முதல் வியாபாரத்துக்கு, அதாவது போணிக்கு, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய பிழைப்பு போச்சு. மாதா கோயில் பூசை தவறாத எட்மண்டும் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் சிலுவை போடுவான்.*

எட்மண்ட் கடை திறக்கும்போதே துரைசாமி போய் நின்றார்.

"ப்ளேன் என்ன விலை?"

"அது விக்கிறதுக்கு இல்லண்ணே."

"போணி நேரத்துல இல்லேன்னு சொல்லலாமா லா?"

எட்மண்ட் மேலே பார்த்தான். "பத்து வெள்ளி."

துரைசாமி நூறு கொடுக்கத் தயாராக வந்தவர். வாய் பழகியது வேறு. "மூணு."

"பெட்டி விலையே அதுக்கு மேல. எட்டு குடுங்க."

"நாலு. கடைசி."

எட்மண்ட் தலையாட்டி மறுத்தான். துரைசாமி தொழில் முறைப்படி திரும்பி நடந்தார். கடைவாசல் அஞ்சடி நடைபாதையின் தூணைத் தாண்டுமுன் கூப்பிடுவார்கள். அவரும் தன் கடையில் அப்படித்தானே கூப்பிடுகிறார்.

தூண் வந்தது. குரல் வரவில்லை.

திரும்பிப் பார்த்தார். அன்று காலையிலேயே மறுபக்கமாக வந்த மங்களம், எட்மண்டிடம் ஒரு வெள்ளி கொடுத்துக் கடிகார வார் வாங்கிக்கொண்டிருந்தாள். துரைசாமியின் கடிகாரத்துக்கு.

"சரிப்பா, பத்து," என்று ஓடி வந்தார்.

எட்மண்ட் வெள்ளியைக் கண்ணில் ஒற்றினான். "போணி ஆயிடுச்சுண்ணே. இனிமே அது விக்கிறதுக்கு இல்ல."

"நம்ம கடையைத் தொறக்காம இங்க என்ன பேரம்?" என்றாள் மங்களம், அண்ணாந்தபடியே.

* இதை எந்தப் பாதிரியாரும் கேட்டதில்லை, அவன் சொன்னதுமில்லை.

4

முடிவு ஒன்று: விமானியின் மீசை துரைசாமியுடையது, மங்களம் கேட்டு வரைய வைத்தது. எழுதிப் பார்த்தேன். அவருக்கு அநியாயத் தள்ளுபடி.

முடிவு இரண்டு: மறுநாள் அவள் கேரியரை எட்மண்டின் மேசையில்...

முடியாது. (பொறாமை துரைசாமிக்கா எனக்கா என்று கேட்காதீர்கள். நானே உண்டாக்கிய பெண், இத்தனை பக்கத்தில் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.)

கணக்கை மட்டும் சொல்கிறேன்.

எட்மண்டுக்கு வரவு: ஒரு வெள்ளி. விமானம் கைவசம்.

துரைசாமிக்கு வரவு: புது வார்.

மங்களம் அண்ணாந்து பார்த்தது எதை, யாரை: பாக்கி. வசூல் உங்களுடையது.