கண்டக்குழியில் காற்று ஹோன்

நல்ல காற்று வந்தால் மட்டும் அடிக்கவேண்டிய ஹோன், கூரையில் பாங் என்று அலறியது. கண்டக்குழி விடுதியில் பகல் சாப்பாட்டுக்குக் காத்திருந்த ஒன்பது வெள்ளைக்காரர்களும் பட்டங்களைத் தூக்கிக்கொண்டு, அலைமேல் சறுக்கக் கடலுக்கு ஓடினார்கள். அங்கே ஒரு பொட்டுக் காற்றும் இல்லை.

"இந்தக் கிழமையில நாலாவது தரம்," என்றார் விடுதிக்காரர் மிஹ்லார். "இன்னொருக்கா ஏமாந்தா ஆலங்குடா விடுதிக்குப் போயிருவாங்களாம். ஹோனுக்குப் புரோகிராம் எழுதினது நீங்கதானே, தங்கச்சி?"

நபீலா மடிக்கணினியைத் திறந்தாள். தவறு உடனே தெரிந்தது. காற்றின் வேகத்தைச் சொல்லும் பங்ஷனுக்குள்ளேயே ஹோன் அடிக்கும் வரியையும் எழுதியிருந்தாள்.

"பங்ஷன் எண்டா கேட்டதுக்குப் பதில் மட்டும் சொல்லோணும், மிஹ்லார் நானா. இது யாரு காத்தைப் பத்திக் கேட்டாலும் ஹோனையும் அடிச்சிட்டுத்தான் பதில் சொல்லுது."

"என்ட மாமியும் அப்படித்தான். நேரம் என்னெண்டு கேட்டா ஊரையே எழுப்பிப்போட்டுத்தான் சொல்லுவா."

நபீலா அதை இரண்டு மொடியூலாகப் பிரித்தாள். ஒன்று காற்றை அளந்து சொல்வதோடு நின்றுவிடும். ஹோன் மற்றதன் பொறுப்பு. காற்று போதுமென்றால்தான் அடிக்கும். பிறகு, இதுவரை காற்றைப் பற்றிக் கேட்டது யாரென்று பதிவைப் பார்த்தாள். நான்கு தடவையும் குசினியில் இருக்கும் ஃபோன்தான்.

சமையற்கார மர்ஷூதா அகப்பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அதைத் திருத்தாதீங்க, தங்கச்சி. அவங்க ஓடினாத்தான் எனக்குச் சோறு வேக அரை மணித்தியாலம் கிடைக்கும்."