ஏழு பைகள்

தீவில் இருக்கிற பழைய கோட்டையைப் பார்க்க எங்கள் குடும்பம் கிளம்பியது இது நாலாவது தடவை. நாலு தடவையும் தீவுப் படகுத்துறை பெஞ்சில் பைகளுக்குக் காவல் நான்தான். "அக்காவுக்கு முட்டி வலி, அவ எங்க ஏறப்போறா?" என்று தம்பியே முடிவு பண்ணிவிடுவான். தினமும் மூணு மாடி ஏறி ஆபீஸ் போகிறவளுக்கு முட்டி வலியாம்! தொலைந்துவிடக் கூடாதென்று கார் சாவியையும் என் கையில் திணித்துவிட்டுப் போனான்.

மத்தியானம் எல்லாரும் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து படகில் ஏறினார்கள். கரையிலிருந்து பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். தம்பி எண்ணினான்.

"ஏழும் இருக்கு. எல்லாம் வந்தாச்சு, படகை எடுங்க."

நான் கரையிலேயே நின்றேன். தொண்டை கிழியக் கத்தினேன். மோட்டார் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அடுத்த படகு ரெண்டு மணி நேரம் கழித்துத்தான்.

அரை மணியில் தம்பி போன் பண்ணினான். ஒருவழியாக என்னைத் தேடிவிட்டான் என்று ஒரு நொடி மனசு இளகிவிட்டது.

"அக்கா, எங்க நிக்கிறே? எல்லாரும் கார்கிட்ட வெயில்ல காயறோம். சீக்கிரம் சாவியைக் கொண்டா."

"இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு, கோட்டைக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன்.