நான்கு வகைக்குள் அடங்காத கதவு

கணினியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தால் என்ன என்று கொள்முதல் அக்காவுக்குக் காலையிலிருந்தே ஆத்திரமாக இருந்தது. துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு மேல்மூடியும் பக்கத் தகடும் செய்யும் தொழிற்சாலை அது. அங்கே ஆணி முதல் ராட்சத இயந்திரம் வரை எதை வாங்கினாலும் அவள் கை பட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதனால் எல்லாருக்கும் அவள் கொள்முதல் அக்கா, அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும்கூட.

வாங்குவதெல்லாம் நான்கே வகை என்று கணினிக்குள் எழுதி வைத்திருந்தார்கள். தகடு, பெயின்ட் மாதிரி செய்யும் பொருளிலேயே கலந்துபோவது மூலப்பொருள். வாங்கியபடியே பொருத்துவது பாகம். எண்ணெய், கையுறை என்று தேய்ந்து தீர்வது பராமரிப்புச் சாமான். வருடக்கணக்கில் நிற்பது மூலதனப் பொருள். இப்படி உலகத்தையே நான்காகக் கூறு போட்ட புண்ணியவான் எங்கேயோ நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கதவு. தகட்டை அழுத்தி வளைக்கும் மூன்றாம் பிரஸ்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் தடுப்பு. அது மூடியிருந்தால்தான் பிரஸ் கீழே இறங்கும். உள்ளே யார் கையும் இருக்க வழியில்லை. ஆறு வாரத்துக்கு முன் அது விரிசல் விட்டது. கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, கதவு மூடித்தான் இருக்கிறது என்று பிரஸ்ஸை ஏமாற்ற ஒரு துண்டு ஒயரைச் சொருகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுவது அவள் உடன்பிறந்த தம்பி.

செவ்வாய்க்கிழமை இரவு வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் தன் கையுறையை எடுத்துக் காட்டினான். ஆள்காட்டி விரலின் நுனியைக் காணோம், சீவிவிட்டது போல.

“பெரிய சைஸ் குடுத்துட்டாங்கக்கா. நுனி வரைக்கும் விரல் போகல, தப்பிச்சேன்” என்று சிரித்தான்.

அவன் மனைவி சிரிக்கவில்லை. அக்காவுக்கு அதன்பிறகு ஒரு வாய் இறங்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் போய் ஒப்புதல் தரும் மேலாளர் முன் நின்றாள். எதைக் கேட்டாலும் ‘அப்புறம் பாக்கலாம்’ என்பதால் அவருக்கு அப்புறம் சார் என்றே பெயர்.

“பராமரிப்புச் சாமான்ல போடலாமே சார்?”

“அந்தப் பட்டியல்ல கதவு இல்லையேம்மா.”

“அப்போ பாகம்?”

“துணி துவைக்கிற மெஷின்லயா மாட்டப் போறோம்? இல்லையே. இது மூலதனம். தலைமை அலுவலகக் கமிட்டிக்குப் போகணும். பத்து வாரத்துல வந்துடும்.”

“பத்து வாரத்துல அவனுக்கு எத்தன விரல் மிச்சம் இருக்கும் சார்?”

“கோபப்படாதம்மா. அப்புறம் பாக்கலாம்.”

இடத்துக்குத் திரும்பியவள் மறுபடி கணினியைத் திறந்தாள். மேல்மூடி செய்ய இதே பிளாஸ்டிக் தகடு லாரி லாரியாக வருகிறது. அதற்கு ஒப்புதல் கேட்டால் அரை மணி நேரத்தில் கிடைக்கிறது. பொய் சொல்வது அவளுக்கு வழக்கமில்லை. அடுத்த மாதம் கொள்முதல் தலைவி ஆகப் போகிறவள் வேறு. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ‘மூலப்பொருள், தெளிந்த பிளாஸ்டிக் தகடு, ஒன்று’ என்று தட்டிவிட்டாள். சப்ளையருக்கு மட்டும் கதவின் அளவையும் கீல் மாட்டும் துளைகளையும் போனில் சொன்னாள். அரை மணி நேரத்தில் ஒப்புதல் வந்தது. ஒன்பதாம் நாள் கதவும் வந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் கிடங்குக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவின் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு, இரண்டு கை அகலத்துக்கு ஒரு பட்டையைக் காணோம். வெட்டிய விளிம்பு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

“யாருய்யா இதை வெட்டினது?”

தரச் சோதனைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “நான்தான். மூலப்பொருள்னு வந்தா, ஒவ்வொரு தடவை வர்ற லாட்லயும் ஒண்ணை அறுத்து, வலு இருக்கான்னு இழுத்துப் பாக்கணும். இந்த லாட்ல இருந்ததே ஒண்ணுதான்.”

“கீலுக்குத் துளை போட்டிருக்கே, கண்ணு தெரியல?”

“தெரிஞ்சுது. அதனாலதான் துளையெல்லாம் விட்டுட்டு நடுவுல அறுத்தேன்” என்றார் அவர், ஏதோ உதவி செய்தவர் போல. “நல்ல பொருள்மா. பாஸ் பண்ணிட்டேன்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? அவர் தன் வேலையை ஒழுங்காகத்தானே செய்திருக்கிறார்.

அப்புறம் சார் அன்று மட்டும் எதையும் அப்புறம் பார்க்கவில்லை. “எனக்கும் தெரியும்மா, அது கதவுன்னு. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். வந்தாச்சு, தரமும் பாஸ். கதவு உடைஞ்சதுன்னு இருந்த புகாரை முடிச்சுட்டேன். இன்னொண்ணு கேட்டா மொதல்ல வாங்கினது எங்கன்னு கேப்பாங்க. பேசாம அதையே மாட்டச் சொல்லு.”

மாட்டியும்விட்டார்கள். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது தம்பி கதவை மூடியபடியே, நடுவில் இருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தகட்டை எடுத்துக்கொண்டிருந்தான்.

“நல்லதாப் போச்சுக்கா, திறந்து திறந்து மூடுற வேலை மிச்சம்!” என்றான்.

இப்போது காகிதத்தில் அந்த பிரஸ்ஸுக்குக் கதவு உண்டு. அது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், அந்தப் பொய்யை எழுதியவள்தான்.

தலைமை அலுவலகப் பாதுகாப்புப் பிரிவுக்கு நேராக எழுதினாள். கதவை மூலப்பொருள் என்று தெரிந்தே பதிந்தது நான். அது வெட்டுப்பட்டுவிட்டது. ஆறு வாரத்துக்கு மேலாக மூன்றாம் பிரஸ் ஒயர் சொருகித்தான் ஓடியது. இப்போது ஓட்டைக் கதவோடு ஓடுகிறது. கீழே தன் பெயரைப் போட்டாள். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது தலைவி நாற்காலி கையைவிட்டுப் போனது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆத்திரத்தில் அந்தக் கணம் அது பெரிதாகப் படவில்லை.

மதியத்துக்குள் பிரஸ்ஸுக்குப் பூட்டு வந்தது. அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதன் பின்னாலேயே தம்பி வந்தான், முகமெல்லாம் சிவந்து.

“உனக்கு என்னக்கா வந்துச்சு? பதினொரு வருஷமா அந்த மெஷினை ஓட்டறேன். என்னைப் போய் அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பிட்டாங்க! எல்லாரும் சிரிக்கிறாங்க. உன்னாலதான், எல்லாம் உன்னாலதான்!”

ஒவ்வொரு வார்த்தைக்கும் அவன் கை அவள் முகத்துக்கு நேரே நீண்டது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திட்டுடா” என்றாள். “நல்லாத் திட்டு. பத்து விரலையும் நீட்டி நீட்டித் திட்டு.”