மேடையில் உடைத்த குப்பிகள்

ஓஸ்வால்டுக்கு ஊசி என்றால் பயம். தடுப்பூசி போட வந்த நர்ஸைப் பார்த்துப் பள்ளிக்கூடச் சுவர் ஏறிக் குதித்து ஓடியவன் என்று அவன் தங்கையே கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்தாள். அன்று கல்யாணப் பெண் பிலோமினாவும் சேர்ந்துதான் சிரித்தாள். பதினோரு வருஷம் கழித்து, அவர்களுடைய ஒரே மகள் ஏழு வயது லவீனாவுக்கு உடம்பில் இன்சுலினே சுரக்கவில்லை, இனி ஆயுசு பூராவும் தினம் இரண்டு வேளை ஊசி என்று டாக்டரம்மா சொன்னபோது, பிள்ளை அழவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்தவன் அப்பன்தான். முகத்தில் தண்ணீர் தெளித்து அவனை எழுப்ப வேண்டியிருந்தது.

அது தொண்ணூற்று நான்காம் வருஷம். ஜீவனஹள்ளியில் இரண்டு அறை வீடு. பிலோமினா ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்தி ஊசி போடக் கற்றுக்கொண்டாள். காலையில் பிள்ளையின் சிறுநீரில் சில சொட்டு எடுத்து, நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் காய்ச்சுவாள். நீலம் நீலமாகவே நின்றால் நிம்மதி. செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரமெல்லாம் ஓஸ்வால்ட் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பான். ஜீவனஹள்ளியிலேயே அவ்வளவு பளபளப்பான ஸ்கூட்டர் வேறு யாரிடமும் இல்லை.

பிலோமினா ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றி அவள் கேட்டது ஒன்றுதான், ஊசி பிடிக்கிற கை நடுங்கக் கூடாது. ஓஸ்வால்டுக்கு அந்த அளவு போதவில்லை. "மருந்தும் ஆண்டவர் கொடுத்ததுதான், ஓஸ்வால்ட்" என்று பங்குச் சாமியார் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை. தனக்குப் பிடித்ததைச் சொல்லும் ஆளைத் தேடினான், கிடைத்தார்.

இரும்புக் கடை ஒன்றின் மாடியில் சபை நடத்திய பாஸ்டர் அலெக்சாண்டர் வெள்ளை ஷூ போட்டிருப்பார். நாற்பது பேர் உட்காரும் ஹாலுக்கு ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு. தலைவலியும் முதுகுவலியும் வேலை கிடைக்காததும் அங்கே ஒரே பிசாசின் வேலை. பிலோமினா ஒரே ஒரு முறை போனாள். மேடையில் ஊன்றுகோலை வீசி எறிந்துவிட்டு நடந்த கிழவியைப் படி இறக்க இரண்டு பேர் தோள் கொடுத்ததை அவள் பார்த்தாள். ஓஸ்வால்டும் பக்கத்தில்தான் நின்றான். அவன் கண்ணில் பட்டது கோலை எறிந்தது மட்டும். அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவனிடம் இருப்பது விசுவாசம் இல்லை, ஊசிப் பயம். அதற்குத்தான் அங்கி மாட்டி, கையில் பைபிளைக் கொடுத்து நிறுத்தியிருக்கிறான்.

தொண்ணூற்றாறு மே மாதம் தங்கவயலில் அவள் அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மூன்று நாள் போயே ஆக வேண்டும். லவீனா அதற்குள் தானே தொடையில் குத்திக்கொள்ளப் பழகியிருந்தாள். அப்பன் செய்ய வேண்டியது, சிரிஞ்சில் மருந்து சரியான கோட்டில் நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது. அவ்வளவுதான்.

"இதாவது செய்வீங்களா?" என்று கேட்டாள்.

"அவ என் பிள்ளை, மினா" என்றான். ஏதோ அதுவே பதில் மாதிரி.

ஞாயிறு மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே கிடார் சத்தமும் கைத்தட்டலும் கேட்டன. அவள் வீட்டுக்குள்ளிருந்துதான். சபைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் லவீனா. உதடு வெடித்திருந்தது. ஓடி வந்த பிள்ளை மாதிரி ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். கிட்டே குனிந்தால் அழுகின பழ வாடை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை.

"எத்தனை ஊசி விட்டுப்போச்சு?"

"ஸ்தோத்திரம் சொல்லு மினா. பிசாசு வெளிய போற நேரம். போறதுக்கு முன்னாடி கொஞ்சம் முறுக்கும்னு பாஸ்டர் சொல்லியிருக்கார்."

"எத்தனை ஊசின்னு கேட்டேன்."

"குப்பியெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே மேடையில உடைச்சாச்சு. நானே மிதிச்சேன். செருப்பைக் கழட்டிட்டுத்தான் மிதிக்கப் போனேன், பாஸ்டர்தான் கால் கிழிஞ்சிடும், போட்டுக்கன்னார்." அவன் முகத்தில் பெருமை. பிள்ளைக்கு மருந்து வேண்டாம், அப்பன் காலுக்குச் செருப்பு வேண்டும்.

அவள் பிள்ளையை வாரித் தூக்கினாள். ஓஸ்வால்ட் வாசலை மறித்தான். "இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா விசுவாசம் உடைஞ்சிடும்."

"உடையட்டும். தள்ளுடா."

பதிமூன்று வருஷத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. கிடார் நின்றது. அவன் தள்ளி நின்றான்.

எதிர்வீட்டு கோவிந்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு ஆட்டோவைக் கிளப்பினார். "பேக ஹத்தம்மா, சீக்கிரம் ஏறு" என்றார். வழியெல்லாம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று அவளுக்கு உதவியாக இருந்த ஒரே மனுஷர் எந்தக் கோயிலுக்குப் போவார் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்ச் சலைன் ஏற்றி, அதோடு இன்சுலினும் ஏற்றினார்கள். ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து சேர்ந்த ஓஸ்வால்டை டாக்டரம்மா கூப்பிட்டார்.

"மருந்தை நிறுத்தினது யாரு?"

அவன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"மெக்கானிக்கல் டிப்ளமா, மேடம்."

"ஃபேக்டரியில மெஷின் சூடாச்சுன்னா ஆயில் ஊத்துவீங்களா, முன்னாடி நின்னு பாடுவீங்களா?"

போலீஸுக்கு எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அந்தப் பேச்சு எப்படியோ மாடிச் சபைக்கு எட்டியது. மறுநாள் காலையில் பாஸ்டர் வந்தார். கையில் ஒரு கிலோ திராட்சை, ஒரு பாட்டில் மாம்பழ ஜூஸ்.

"சிஸ்டர், மருந்தை நிறுத்துன்னு நான் சொன்னேனா? ஜெபிச்சேன், அவ்வளவுதான். குப்பியைக் கொண்டு வந்தது பிரதர். மிதிச்சது பிரதர்."

ஓஸ்வால்ட் திகைத்துப் போனான். "பாஸ்டர், நீங்கதானே மைக்கில, உன்னை அடிமையாக்கின எகிப்தை மிதிச்சுப் போடுன்னு..."

"ஆவிக்குரிய அர்த்தத்துல சொன்னேன் பிரதர்."

இப்போதாவது இவனுக்கு ரோஷம் வரும் என்று பிலோமினா பார்த்தாள். சட்டையைப் பிடிக்க வேண்டாம், ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஓஸ்வால்ட் தலையை ஆட்டினான். "ஆமா பாஸ்டர். எனக்குத்தான் புரியலை."

குப்பியை மிதித்ததைக்கூட அவள் பிற்பாடு ஒருவேளை மன்னித்திருப்பாள். அந்தத் தலையாட்டலை மன்னிக்கவே இல்லை.

"பழத்தை எடுத்துட்டுப் போங்க" என்றாள் பாஸ்டரிடம். "சக்கரை வியாதிப் பிள்ளையைப் பார்க்கத் திராட்சையும் ஜூஸும் வாங்கிட்டு வந்திருக்கீங்க. ஆவி உங்ககிட்ட இதைக்கூடச் சொல்லலையா?"

அவர் "ஸ்தோத்திரம்" என்று முனகிக்கொண்டு படியிறங்கினார். திராட்சைப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் லவீனா தெளிவாகக் கண் விழித்தாள். தண்ணீர் குடித்தாள். கட்டில் காலடியில் நின்ற அப்பனையும் தலைமாட்டில் இருந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். பாஸ்டர் மைக்கை நீட்டி, உள்ள சூடா ஏதோ இறங்குச்சான்னு கேட்டாரு. ஒண்ணுமே இறங்கலை. அப்பா மூஞ்சியைப் பார்த்தேன். இறங்குச்சுன்னு சொல்லிட்டேன். அதனாலதான் ஏசு என்னை குணமாக்கலையா?"

பிலோமினா ஓஸ்வால்டைப் பார்த்தாள். இது அவன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. தப்பு என்னுது பாப்பா என்று மூன்று வார்த்தை சொன்னால் முடிந்தது. ஓஸ்வால்ட் கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஒன்பது வயதுப் பிள்ளை, கையில் சலைன் ஊசியோடு, "அழாதீங்கப்பா" என்று அவனைத் தேற்றியது.

"ஏசுவுக்கு உன்மேல கோபமில்லை" என்றாள் பிலோமினா கடைசியில். "உன் வாயில பொய்யை வரவழைச்சவங்க மேல இருக்கும்."

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது, அதோடு சரி. இரண்டு மாதம் கழித்து, மாடிச் சபையில் குணமானவர்கள் படம் குத்தி வைக்கிற சாட்சிப் பலகையில் லவீனாவின் போட்டோ இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிப் பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். மரண வாசலிலிருந்து மீட்கப்பட்ட சிறுமி என்று கீழே எழுதியிருந்ததாம். போட்டோவைக் கொடுத்தது யாரென்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு பிலோமினா அந்த மாடிப்படி ஏறினாள். ஹால் நிறைய ஜனம். நேராகப் பலகைக்குப் போய் குண்டூசிகளைப் பிடுங்கினாள். மேடையிலிருந்து பாஸ்டர், "நம்ம சிஸ்டரை ஆண்டவர் இன்னைக்குக் கூட்டிட்டு வந்திருக்கார்" என்று மைக்கில் ஆரம்பித்தார்.

"நானேதான் வந்தேன்" என்றாள். மைக் இல்லாமலே பின்வரிசை வரை கேட்டது. "இவளைக் காப்பாத்தினது இன்சுலின். நீங்க உடைச்ச அதே மருந்து. சாட்சி வேணும்னா இதைச் சொல்லிக்குங்க."

மூன்றாவது வரிசையில் ஓஸ்வால்ட் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் நிற்காமல் இறங்கி வந்தாள்.

வீட்டை விட்டு அவனைத் துரத்தவில்லை. சோறு போட்டாள். துணி துவைத்தாள். மருந்துப் பெட்டிச் சாவியை மட்டும் அவன் கைக்குக் கொடுக்கவே இல்லை.

லவீனா வளர்ந்தாள், படித்தாள். இரண்டாயிரத்து எட்டில் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வரும். அதற்கு முன்னால் ஓஸ்வால்ட் குளித்துத் தலைவாரி, பைபிளோடு ஹாலில் தயாராக நிற்பான்.

"இருங்கப்பா, முதல்ல ஊசி" என்பாள் அவள். போட்டு முடித்து, இட்லியையும் சாப்பிட்டுவிட்டு வந்து அவன் முன்னால் தலை குனிவாள். அவன் கண்ணை மூடி, அவள் தலையில் கை வைத்து, நீளமாக ஜெபிப்பான். வாசலில் வண்டி ஹாரன் அடிக்கும்.

"எதுக்குடி அந்த ஆளுக்குத் தலையைக் குடுக்கற?" என்று ஒரு நாள் பிலோமினா கேட்டாள்.

"அவருக்கு வேற எதுவும் தெரியாதும்மா" என்றாள் மகள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

பிலோமினா தட்டைக் கழுவப் போனாள். அந்த இரக்கம் மகளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளிடமிருந்து இல்லை, அது நிச்சயம்.