பாலோடு வந்த பெட்டி

கோபிச்செட்டிபாளையத்தில் கப்பல் சுற்றுலா போகிறவர்கள் முதலில் திரும்பி வந்துவிடுவார்கள். எத்தனை நாள் போவது, எந்தெந்த ஊரில் இறங்குவது என்று முடிவு செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சென்னியப்பனும் அப்படித்தான் வந்தார். வியாழக்கிழமை காலை பால் வாங்கப் போனவர், ஒரு கையில் பால் பாக்கெட்டும் மறு கையில் சக்கரம் வைத்த பெட்டியுமாகத் திரும்பினார். மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. அவர் மனைவி துளசிமணி பாலை வாங்கிக்கொண்டு, அவருக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, நான் எங்கீங்க?”

சென்னியப்பனும் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. இனிமேல்தான் போகப்போகிற பயணம் என்பதால் அவருக்கு எதுவும் ஞாபகமும் இல்லை.

“ரெண்டு பேருந்தானே போறதாப் பேச்சு” என்று மட்டும் சொன்னார்.

பெட்டியைத் திறந்தார்கள். அவருடைய வேட்டி சட்டைகள் இருந்தன. அவளுடையது என்று ஒரு சீப்புகூட இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் அவர் அவளை ஒரு கல்யாண மண்டபத்தில்கூட விட்டுவிட்டு வந்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த சுற்றுலா அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். அதை நடத்தும் நந்தகோபால், சென்னியப்பனை ஜன்னலோரம் நிற்க வைத்து மூக்கைப் பார்த்தார்.

“ஏழு நாளுங்க. மூணு நாள் போனவங்களுக்கு இத்தனை உரியாது.”

“மூணு நாளே போடுங்க” என்றார் சென்னியப்பன். மூன்று நாள் பயணத்தில் கப்பல் எந்த ஊரிலும் நிற்காது என்று விளம்பரத் தாளில் படித்திருந்தார். நிற்காத கப்பலிலிருந்து ஒருத்தி எங்கே இறங்கிவிட முடியும்?

“போடலாமுங்க. அப்ப உரிஞ்ச தோலை ஒட்டிட்டு வரோணும்.”

சென்னியப்பன் மூக்கைத் தடவினார். தோல் வழியிலேயே எங்கோ போயிருந்தது. ஐந்து நாள் கேட்டுப் பார்த்தார். அதற்கும் பாதித் தோலாவது வேண்டுமாம். அவருக்கு மண்டை காய்ந்தது. ஏழு நாளில் நான்கு ஊர்கள். அதில் எந்த ஊரில் அவளை விட்டார், எதற்காக விட்டார் என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

துளசிமணி அந்த நான்கு ஊர்களின் படங்களையும் மேசையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது படத்தில் மஞ்சள் படிக்கட்டும், அதன் மேலே ஒரு சின்ன வீடும் இருந்தன. கொடியில் துணி காய்ந்தது.

“இங்கதானுங்க எறங்கியிருப்பேன்.”

“எதுக்கு?”

“தெரியலீங்க. நல்லாருக்குது.”

“நான் ஏதாச்சும் சொல்லிப்போட்டனா?”

“இன்னும் சொல்லலீங்களே.”

சென்னியப்பன் அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நானும் அங்கேயே இறங்கிக்கொள்கிறேனே என்று நந்தகோபாலிடம் கேட்டார்.

“நீங்கதான் வந்துட்டீங்களே” என்றார் நந்தகோபால். ஏழு நாளே பதிவாயிற்று.

வீட்டுக்குப் போகும் வழியில் துளசிமணி மஞ்சள் படிக்கட்டு வீட்டுக்கென்று ஒரு தோசைக்கல் வாங்கினாள். அவர்தான் அதைத் தூக்கி வந்தார்.

“அடுத்த வருஷம் வந்து பாக்கட்டுமா?”

“வாங்க. ஆருங்க வேண்டாங்கறது?”

வீட்டில் அவள் உலை வைத்தாள். அவர் வெங்காயம் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனார். திரும்பும்போது கையில் வெங்காயத்தோடு டிபன் கேரியரும் இருந்தது. தலைமுடி இன்னும் ஒரு வருஷத்துக்கு நரைத்திருந்தது. துளசிமணி கேரியரைத் திறந்தாள். அரிசிம்பருப்பு சாதம், இன்னும் சூடாக. ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உப்புக் கம்மி. அவசரத்துல செஞ்சிருக்கறேன்.”

சென்னியப்பனும் சாப்பிட்டார். அவள் கைப்பக்குவம்தான். வழிக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். கோபமாக இருப்பவள் கட்டிக் கொடுப்பாளா? அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்கு மனசு ஆறியது. தட்டை வைத்துவிட்டு மறுபடியும் செருப்பை மாட்டினார்.

“கறிவேப்பிலை வாங்கிட்டு வந்துடறேன்.”

கறிவேப்பிலை வீட்டிலேயே இருந்தது. அது இருவருக்கும் தெரியும். துளசிமணி உலையில் இன்னொரு கைப்பிடி அரிசி போட்டாள்.

“அது ஆருக்கு?”

“எனக்குங்க. இந்தத் தடவை நானும் வந்தாலும் வருவேன்.”

சென்னியப்பன் வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் நன்றாகத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.