வடக்குத் தெருவின் மின்சாரம்

மேடையில் சுபாங்கி என்ன சொல்லிக் கத்துகிறாள் என்பது அவளோடு மேடையேறிய இருவருக்கும் தெரியாது. கித்தார் வாசிக்கும் அர்னோவும் டிரம்ஸ் அடிக்கும் வனேசாவும் தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர்கள். இரண்டாண்டுகளுக்கு முன், பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான சார்செலில் அடுக்குமாடி ஒன்றின் சைக்கிள் அறையில், கைமாறி வந்த ஒரு ஒலிபெருக்கியோடு மூவரும் தொடங்கிய பங்க் இசைக்குழு அது. ரயில் நிலையப் பலகையில் நாள்தோறும் ஒளிர்ந்த 'ரெத்தார்' என்ற சொல்லையே, தாமதம் என்பதையே, பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். முதல் நிகழ்ச்சிக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அவர்களில் நால்வர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பிறகு மதுக்கடை நிலவறைகள், தாங்களே அச்சிட்டு ஒட்டிய சுவரொட்டிகள், நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு கசெட். அவற்றில் 'எவடம்', அதாவது எந்த இடம், என்ற பாட்டுக்கே கூட்டம் மிகுதியாகக் குதித்தது.

"எதைப் பற்றிய பாட்டு?" என்று அர்னோ பிரெஞ்சில் கேட்டபோது, "மெத்ரோ ரயிலில் வழி தவறுவதைப் பற்றி" என்றாள்.

பொய். அக்கா துஷாந்தி விரும்பிய கரிகாலனின் குடும்பம் ஊரில் எவடம் என்று அப்பா மகேந்திரராசா யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். தெருவைச் சொன்னார்கள், தெருவில் சாதி தெரிந்தது. அன்றோடு அக்காவுக்கு வீடு அடைபட்டது. இப்போது அவள் இன்னொரு புறநகரான திரான்சியில், கைக்குழந்தையோடு. சுபாங்கியோ அதே மேசையில், அக்காவின் காலிக் கதிரைக்கு அருகே, அதே அப்பாவுக்கு எதிரே, வாய் திறவாமல் சோறு தின்றவள். வீட்டில் விழுங்கியதை நிலவறைகளில் கக்கினாள். புரியாதவர் முன்னே புரட்சி பேசுவதில் என்ன வீரம் இருக்கிறது? முந்நூறு கைகள் உயர்ந்த அறையிலும் அவள் ஒற்றையாகவே நின்றாள்.

ஜூன் இருபத்தொன்று, எந்தக் குழுவும் எந்தத் தெருவிலும் வாசிக்கலாம் என்ற இசைத் திருநாள். அர்னோ அதை ஒரு பரிசாக நினைத்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் இடம் பிடித்துவிட்டான். "ஒரு தடவையாவது உன் மக்கள் முன்னால் பாடு." மறுத்தால் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் மறுக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணி. வரதராசாவின் மளிகைக் கடையில் மின்சாரம் கேட்டாள்.

"தாறது பிரச்சினையில்லை. பிள்ளை ஊரிலை எவடம்?"

நாக்கு பழக்கத்தில் புரண்டது. அப்பாவின் ஊரைச் சொன்னாள்.

"கோயிலுக்கு எந்தப் பக்கம்?"

"வடக்குத் தெரு."

"மகேந்திரராசாவின்ரை மகளோ? அப்ப எங்கடை ஆக்கள்தான். உள்ளை குத்துங்கோ."

ஒலிபெருக்கியின் செருகியைக் குத்தினாள். 'எவடம்' பாடினாள். கித்தாரின் இரைச்சலில் சொற்கள் கரைந்தன. முருங்கைக்காய்ப் பையோடு இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"இது என்ன பாஷையடி?"

"ஸ்பானிஷ் பாஷையாக்கும். பாவம், வயித்துக்குத்துப் போலை."

சுபாங்கிக்கு நெஞ்சு லேசானது. யாருக்கும் புரியவில்லை, வீடு தப்பியது. லேசான அந்த நெஞ்சைக் கண்டு அடுத்த கணமே அவளுக்குக் கூசியது. எந்தக் கேள்வியை எதிர்த்துப் பாட வந்தாளோ, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கிய மின்சாரம் அல்லவா ஒலிவாங்கியில் ஓடுகிறது! பாதிப் பாட்டில் கடைக்குள் நடந்தாள், செருகியைப் பிடுங்கினாள்.

கித்தார் செத்தது. வனேசா இன்னும் இரண்டு அடி அடித்து நிறுத்தினாள். சுபாங்கி வெறும் குரலில், கத்தாமல், சொன்னாள்:

"எவடம் எண்டு கேட்டியள்.
அக்கா இருந்த கதிரையைக் காட்டினன்.
அவவின்ரை பிள்ளைக்குப் பத்து மாசம்.
பல்லு முளைக்குது.
அதையும் எவடம் எண்டு கேப்பியளோ?"

ஒருத்தி பையைக் கீழே வைத்தாள். மற்றவள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கைபேசியோடு வரதராசா வெளியே வந்தார்.

"பிள்ளை, இது வீட்டுக்குள்ளை கதைக்கிற விசயம். கொப்பரிட்டைச் சொல்ல வேண்டிவரும்."

"சொல்லுங்கோ. துஷாந்தியின்ரை தங்கச்சி பாடினவ எண்டு சொல்லுங்கோ."

அவர் அப்பாவின் எண்ணை அழுத்தினார். நின்ற சிலரும் கலைந்தார்கள். கறிவேப்பிலைக்கும் மீனுக்கும் மறுபடி ஆள் சேர்ந்தது.

"மின்சாரம் போய்விட்டதா?" என்றான் அர்னோ.

"நான்தான் பிடுங்கினேன்." வனேசாவிடம் திரும்பினாள். "இன்று முதல் எனக்குப் படுக்க ஓர் இடம் வேண்டும்."

"சோபா இருக்கிறது. ஏன்?"

கம்பியை முழங்கையில் சுற்றிக்கொண்டே, அக்காவின் பெயரிலிருந்து பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினாள்.