பொம்மையின் நெஞ்சில் வைத்த கை

ஜீப்பின் பின்சீட்டில் பொம்மையை உட்கார வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான் பிரபு. இடுப்புக்குக் கீழே உடம்பில்லாத ரப்பர் பொம்மை. முதலுதவி சொல்லிக் கொடுப்பதற்காக வாங்கியது. வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மாப்ளைய ஏத்தியாச்சு மதினி. கேமரா எங்கன இருக்கு?"

"அத மட்டும் மறக்காமக் கேளு" என்றாள் கார்த்திகா.

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அவர்களுடைய முதலுதவிப் பயிற்சி நிலையம். நடத்துவது ஒரே குடும்பம். அருள்பாண்டி ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவன். அவன் மனைவி கார்த்திகா நர்ஸாக இருந்தவள். தம்பி பிரபு படம் எடுப்பான், சான்றிதழ் அச்சடிப்பான். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் நடத்தினார்கள். வகுப்பு நாள் முழுக்க நடக்கும். ஒவ்வொருவரும் முழங்கால் போட்டு உட்கார்ந்து பொம்மையின் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். போதிய ஆழத்துக்கு அழுத்தினால் உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்காமல் கார்த்திகா யாரையும் எழுந்திருக்க விடமாட்டாள்.

பிறகு எஸ்டேட்காரர்கள் தேடி வந்தார்கள். வெளிநாட்டுக்கு ஏலக்காய் அனுப்பும் கம்பெனிகள், உங்கள் தொழிலாளிகளுக்கு முதலுதவி தெரியுமா என்று கேட்க ஆரம்பித்திருந்தன. கேட்டவர்கள் யாரும் நேரில் வந்து பார்க்கவில்லை. படமும் சான்றிதழும் இருந்தால் அவர்களுக்குப் போதும். படம் போதுமென்றால் படிப்பு எதற்கு? இப்படித்தான் மலையில் 'போட்டோ கிளாஸ்' என்ற அயோக்கியத்தனம் பிறந்தது. அதற்கு அருள்பாண்டியும் தலையாட்டினான். நாம் மாட்டேன் என்றால் வேறு எவனாவது செய்துவிட்டுப் போகப் போகிறான் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். ஊரில் நடக்கிற அநியாயத்தில் பாதி இந்த ஒரு சமாதானத்தில்தான் நடக்கிறது.

அன்றைக்கு, குரங்கணிக்கு மேலே இருந்த ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் இருந்த களத்தில் பொம்மையை இறக்கினார்கள். மேனேஜர் லிங்கேஸ்வரன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"காய் எடுக்கிற நேரம் தம்பி. ஆளுகள நிப்பாட்டி வச்சா எனக்குத்தான் ஏச்சு விழும். வெரசா முடிச்சு விடுங்க."

தொழிலாளிகள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் வந்து முழங்கால் போடுவார். பொம்மையின் நெஞ்சில் கைமேல் கை வைப்பார். பிரபு படம் எடுப்பான். "ஆச்சு, அடுத்த ஆளு" என்பான். முந்தியவர் எழுந்திருக்கும் முன்னே அடுத்தவர் குனிந்துவிடுவார்.

சுருளியம்மாள் முறை வந்தது. கையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வச்சா மட்டும் போதுமா சார்? அமுக்கணுமா?"

"வச்சாப் போதும்க்கா. கேமராவப் பாருங்க" என்றான் அருள்பாண்டி.

அவளுக்குப் பின்னால் நின்ற அவள் புருஷன் தவசி, தண்ணீர் மோட்டார் ஓட்டுகிறவன், சும்மா இருப்பானா? "எம் நெஞ்சுல ஒருநா இம்புட்டுப் பாசமாக் கைய வச்சிருப்பாளா சார் இவ?" என்றான். வரிசையே சிரித்தது. சுருளியம்மாள் வெட்கப்பட்டு எழுந்து அவன் தோளில் ஒரு அடி போட்டாள்.

கார்த்திகா வாயைத் திறந்தாள். அருள்பாண்டி ஒரு பார்வை பார்த்தான். அவள் மூடிக்கொண்டாள். அன்றைக்கு அந்தக் களத்தில் 'டக்' என்ற சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சான்றிதழ்களைக் கொடுக்க அண்ணன், தம்பி, கார்த்திகா மூன்று பேரும் மறுபடி மலையேறினார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜீப் களத்துக்குள் திரும்பும்போதே அழுகைச் சத்தம் கேட்டது.

ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைப் போடப் போன தவசியைக் கரண்ட் தூக்கி எறிந்திருந்தது. யாரோ மெயினை அணைத்துவிட்டு அவனைக் களத்துக்கு இழுத்து வந்திருந்தார்கள். அவன் மல்லாந்து கிடந்தான். மூச்சு இல்லை. அவனுக்கு முன்னால் தொழிலாளிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆமாம், வரிசையாக. ஒருவர் முழங்கால் போட்டு அவன் நெஞ்சில் கைமேல் கை வைத்தார். பிறகு எழுந்து விலகினார். அடுத்தவர் வந்து வைத்தார். அழுதுகொண்டே, சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே, ஒருவர் பின் ஒருவராக வைத்தார்கள். ஒருவரும் அழுத்தவில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

கார்த்திகா ஓடிப் போய் விழுந்து அழுத்தினாள். கை ஓய்ந்ததும் அருள்பாண்டி அழுத்தினான். தவசியை ஜீப்பில் போட்டு, மலைப்பாதை வளைவெல்லாம் மாறி மாறி அழுத்திக்கொண்டே போடிக்குக் கொண்டுவந்தார்கள். பின்சீட்டில், போன வாரம் பொம்மை உட்கார்ந்த இடத்தில், சுருளியம்மாள் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு உயிர் இல்லை என்றார். "விழுந்த உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சிருந்தா பிழைக்க வாய்ப்பு இருந்திருக்கும். அங்க யாருக்குமே முதலுதவி தெரியாதா?"

பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்திருந்த லிங்கேஸ்வரன் செல்போனை எடுத்து நீட்டினார். "எங்க ஆளுக அத்தன பேரும் பயிற்சி எடுத்தவங்க டாக்டர். போட்டோ இருக்கு, பாருங்க. எங்க மேல ஒரு தப்பும் இல்ல."

செத்தவனின் உடம்பு இன்னும் சூடு ஆறவில்லை. அந்த மனிதர் படம் காட்டுகிறார். அந்தப் படத்தில் சுருளியம்மாள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூடுங்க அத!" கார்த்திகா கத்திய கத்தலில் வராண்டாவே திரும்பிப் பார்த்தது. "பயிற்சியா? பொம்மைக்குப் பக்கத்துல உக்கார வச்சுப் படம் பிடிச்சுட்டு வந்தோம். வெரசா முடின்னு நீங்க வெரட்டுனீங்க. சரின்னு இவரு முடிச்சாரு. எல்லாம் தெரிஞ்ச நான் வாய மூடிட்டு நின்னேன். கரண்டா கொன்னுச்சு? நாம மூணு பேரும் சேந்து கொன்னுருக்கோம்."

அருள்பாண்டியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜீப்பில் இருந்த சான்றிதழ்க் கட்டுக்குள் தவசி பெயருக்கும் ஒன்று இருந்தது. முதலுதவி செய்யத் தகுதி பெற்றவர் என்று அதில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தான் பிரபு.

தவசியின் காரியம் முடிந்த பிறகு, அருள்பாண்டி மறுபடி அந்தக் களத்தில் பொம்மையை இறக்கினான். கேமராவை எடுத்து வரவில்லை. சான்றிதழ்களையெல்லாம் அவனே அடுப்பில் போட்டிருந்தான்.

"அதான் அன்னைக்கே முடிஞ்சிருச்சே தம்பி" என்றார் லிங்கேஸ்வரன்.

"முடியல சார். ஆரம்பிக்கவே இல்ல. இன்னைக்கு முழுக்க ஒரு ஆளும் காட்டுக்குள்ள போகக் கூடாது. போகச் சொன்னீங்கன்னா, அந்த வகுப்பு எப்பிடி நடந்துச்சுன்னு ஏலக்காய் வாங்குற கம்பெனிக்கு நானே எழுதிப் போட்டுருவேன். எனக்கு என்ன வந்தாலும் சரி."

லிங்கேஸ்வரன் ஸ்டோருக்குள் போய்விட்டார்.

முதல் ஆளாக சுருளியம்மாள் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கார்த்திகா அவள் பக்கத்தில் முழங்கால் போட்டு, கையைப் பிடித்து இடம் காட்டினாள். "முழங்கைய மடக்காதீங்கக்கா. ஒடம்புப் பாரம் பூராம் கையில எறங்கணும். இப்ப அழுத்துங்க."

சுருளியம்மாள் அழுத்தினாள். 'டக்' என்றது. மறுபடி அழுத்தினாள். டக். டக். டக். நிறுத்தச் சொன்ன பிறகும் அவள் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியது, பொம்மையின் முகத்தில் அவள் கண்ணீர் சொட்டியது. கை ஓய்ந்த பிறகுதான் நிமிர்ந்து அருள்பாண்டியைப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா சார்? இதச் சொல்லிக் குடுக்கவா ஒங்களுக்கு நேரமில்லாமப் போச்சு?"

அவன் அவளுக்கு எதிரே களத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான்.

"எங்களுக்கு ஒன்னும் தெரியாதுன்னு விட்டிருந்தாக்கூட, விழுந்த மனுசன அள்ளிக்கிட்டுப் பக்கத்து எஸ்டேட் ஜீப்புக்கு ஓடியிருப்போம் சார். தெரியும்னு நீங்க படம் பிடிச்சுட்டுப் போனதாலதான் வரிசையில நின்னோம். சொல்லிக் குடுக்காமப் படிச்சாச்சுன்னு எழுதிக் குடுக்குறது, ஒன்னுமே தெரியாம இருக்குறத விடக் கேடு. இனிமே எந்தக் களத்துலயும் இந்தப் பாவத்தச் செய்யாதீக."

சொல்லிவிட்டு எழுந்து விலகி, அடுத்த ஆளுக்கு இடம் விட்டாள்.